திரைக்கு அந்தப் பக்கத்து மைக்

தன் நிக்காஹ் நாளில் மூன்றாம் தரம் கேட்டபோதுதான் சுலைஹா வாயைத் திறந்தாள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்க இரண்டு சாட்சிகளோடு அவள் தந்தையின் தம்பி, சின்னத்தா, பெண்கள் பக்கத்துத் திரைக்கு அருகில் வந்து நின்றிருந்தார். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஒரு சொல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். சுலைஹா இரண்டையும் செய்யவில்லை.

"சம்மதம். ஆனா நான் கிலாங் வேலைய விடமாட்டேன்" என்றாள்.

கிலாங் என்றால் பினாங்கில் தொழிற்சாலை. பாயான் லெப்பாஸில் அவளுக்கு அப்போது கால்குலேட்டர் பொருத்தும் வேலை. சொன்னதைச் சின்னத்தா மட்டும் கேட்டிருந்தால் விழுங்கிவிட்டிருப்பார். மைக் கேட்டுவிட்டது. மைக் கேட்டதால் ஆண்கள் பக்கம் மொத்தமும் கேட்டது. மாப்பிள்ளையின் தாயார் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார் என்று அக்கா ருக்கையா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அந்த மைக்கை அங்கே வைத்தவனே மாப்பிள்ளைதான். கமாலுதீனுக்கு மைக் செட் தொழில். தன் கலியாணத்துக்கு வேறு ஒருவனை ஒயர் இழுக்கவிட அவனுக்கு மனம் வரவில்லை. காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அதன் பிறகு குளித்து மாப்பிள்ளை ஆனான்.

பெண்கள் பக்கத்துக்கும் ஒரு மைக் வைப்பது அவனாகக் கண்டுபிடித்த வழக்கம். முன்பு ஒரு கலியாணத்தில், பெண் சொன்னது தன் காதில் விழவில்லை என்று வயதான சாட்சி ஒருவர் சொல்லிவிட, சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. அன்றிலிருந்து கமாலுதீன் நீள ஒயரில் இரண்டாவது மைக் ஒன்றைத் திரைக்குக் கீழே தள்ளி அந்தப் பக்கம் நிறுத்துவான். கேசட்டிலும் அதை அப்படியே பதிவு செய்வான். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். ஒயர் மாட்டியதும் ஓடத் தொடங்கும் டேப், ஒயரைச் சுருட்டும்வரை ஓடும். நடுநடுவே கேசட்டைத் திருப்பிப் போடுவான். முடிந்தால் புதிதாக ஒன்று போடுவான். கலியாண வீட்டார் விரும்பினால் ஒரு நகல் தருவான். மூலம் அவனிடம் இருக்கும்.

சுலைஹாவின் அந்த ஒரு வாக்கியம் அவளுடைய வாழ்க்கை முழுவதும் வேலை செய்தது. மாமியார் முதல் பிள்ளையைக் காட்டி "இனிமேலாச்சும் வீட்டுல இரு" என்றபோது கமாலுதீன் எதிர்த்துப் பேசவில்லை. கேசட்டை எடுத்து வந்து போட்டான். "கேளுங்கம்மா. அவ கண்டிஷன் சொன்ன பெறகுதான் நான் ஏத்துக்கிட்டேன். எத்தனை சாட்சி பாருங்க." மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கால்குலேட்டர் போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. நீலச் சட்டை போய் தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடை வந்தது. விடியற்காலையில் சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே கிலாங் பஸ் வந்து நிற்க, முகத்தில் பவுடரோடு அவள் ஓடுவாள். வேலையை அவளாக விடவில்லை. ஓய்வு வயது வந்ததும் அவர்களாக அனுப்பினார்கள்.

கமாலுதீனுக்குச் சிறுநீரகம் கெட்டபோது, வீட்டில் இருந்த கேசட்டுகளை எல்லாம் சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் தமிழ் முஸ்லிம்கள் சங்கத்துக்குக் கொடுத்தார். "நம்மகிட்ட இருந்தா நம்ம கலியாணம். அங்க இருந்தா ஊர் கலியாணம்" என்றார். சென்ற ஆண்டு நோன்புக்கு முன்னால் இறந்துபோனார். சுலைஹா யார் முன்னாலும் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் சொன்ன ஆறுதலைக் கேட்டுக்கொண்டு, கோப்பைகளைக் கழுவி வைத்தாள். அழாதது பற்றியும் ஊர் பேசியது.

இறந்து ஓராண்டு ஆனதும் வீட்டில் ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு சாப்பிட்ட பிறகு, சங்கத் தலைவர் சாஹித் ஒரு வெல்வெட் பெட்டியை அவளிடம் நீட்டினார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தம்ப் டிரைவ்.

"அண்ணன் பதிஞ்சது எல்லாம் இதுக்குள்ள இருக்குக்கா. கிளீனா, ஒரு இரைச்சல் இல்லாம. இன்னும் நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல."

மகள் அமீரா அதை டிவியில் சொருகினாள். முதலில் போட்டது பெற்றோரின் நிக்காஹ். ஓதும் குரல் கண்ணாடிபோல வந்தது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு கமாலுதீனின் குரல், இருபத்தைந்து வயதுக் குரல், "ஏற்றுக்கொண்டேன்" என்றது. அமீரா முகத்தை மூடிக்கொண்டாள். சாஹித்தும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ருக்கையாதான் முதலில் கேட்டாள். "அடியே, என் பாட்டு எங்கடி? பொம்பளைங்க பக்கம் தொண்டை கட்டுற மாதிரி பாடினேனே."

"திருப்பிப் போடு" என்றாள் சுலைஹா.

அமீரா திருப்பிப் போட்டாள். மறுபடியும் ஓதுதல், இடைவெளி, ஏற்றுக்கொண்டேன். அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது.

"இந்த இடத்துலதான் நான் பேசுவேன்" என்றாள் சுலைஹா. "இதுல நான் சம்மதமே சொல்லலியே. அப்ப அமீரா வாப்பா யாரைக் கட்டிக்கிட்டாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சாஹித் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அந்தப் பக்கம் ஒரே கூச்சல்க்கா. பிள்ளை அழுகுது, தட்டு விழுது, யாரோ யாரையோ ஏசுறாங்க. சவுண்ட் பையன், ஒரு பக்கம்தான் தெளிவா இருக்கு, மத்தத எடுத்திடவான்னு கேட்டான். எடுத்திடுன்னேன். ஸ்பீக்கர் வழியா இந்தப் பக்கம் விழுந்ததயும் துடைச்சிட்டான்."

"எல்லா டேப்புலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"டேப்பெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"சங்கத்து மாடியில. கூரை மாத்துறோம்ல, மேல ஹோம்ஸ்டேக்கு விடப்போறோம். பழசெல்லாம் திங்கக்கிழமை லாரியில போகுது. அதான் இதுல ஏத்தியாச்சே, இனிமே அது எதுக்குக்கா?"

சுலைஹா தம்ப் டிரைவைப் பெட்டியில் வைத்து மூடினாள். "அது வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஜெலுத்தோங்கில் அந்தச் சவுண்ட் பையன் ஹஸ்ருலைத் தேடிப் போனாள். அவன் தாய் வழியில் தமிழ், தந்தை வழியில் மலாய். திட்டத்தான் போனாள். அவன் கடையில் கேசட் இயந்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சுத்தமான துணி விரித்திருந்தான். திட்டுவது கடினமாகிவிட்டது.

"மாமி, நான் முதல்ல ரெண்டு பக்கமும் காப்பி எடுத்தேன். சங்கத்துல ஒரு பக்கம் போதும்னாங்க. கொடுத்துட்டு மிச்சத்த அழிச்சிட்டேன். அடுத்த வேலைக்கு இடம் வேணும்ல."

"ஒரு நகல்கூட இல்லையா?"

"இல்ல. டேப்புலதான் இருக்கு. டேப் இருக்கிறவரைக்கும் அது இருக்கு."

"நூறு வருஷம் இருக்கும்னு சொன்னாரே உங்க தலைவரு. அந்தக் குச்சியில?"

ஹஸ்ருல் சிரித்தான். "நீங்க ஹார்ட் டிஸ்க் கிலாங்ல வேலை பார்த்தவங்க. நீங்க சொல்லுங்க."

"செத்த டிஸ்க்க பெட்டி பெட்டியா தள்ளிக்கிட்டுப் போயிருக்கேன், தம்பி. எங்க லைன்ல அதுக்குன்னே ஒரு வண்டி. வெளிய பார்த்தா எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும்."

"டேப்பும் சாகும் மாமி. பூசணம் பூக்கும், ஒட்டிக்கும், இழுத்தா அறுந்துடும். இன்னும் கொஞ்ச வருஷத்துல அத ஓட்ட மெஷினும் கிடைக்காது. ரெண்டுமே சாகுற சாமான்தான். அதனாலதான் ரெண்டையும் வச்சிருக்கணும்."

அதை அவள் மனத்தில் வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நேரே சங்கத்துக்குப் போனாள்.

சாஹித் கெட்டவர் அல்லர். கமாலுதீன் நடக்க முடியாமல் இருந்தபோது காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர். டேப்பெல்லாம் வீணாகிவிடுமே என்று ஆட்களைப் பார்த்து, பேசி, இந்த வேலையை நடத்தியவரும் அவர்தான். அதனால்தான் இவள் வந்து நின்ற விதம் அவருக்கு வருத்தமாக இருந்தது.

"அக்கா, நான் சொல்றத கொஞ்சம் யோசிங்க. அது பொம்பளைங்க திரைக்குள்ள பேசுனது. அவங்களுக்குள்ள பேசுனது. அத ஊருக்கே போட்டுக் காட்டலாமா? நாளைக்கு யாராச்சும் வந்து எங்கம்மா குரல ஏன் வெளிய விட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

சுலைஹா இதை எதிர்பார்க்கவில்லை. இதில் நியாயம் இருந்தது. படியில் உட்கார்ந்து யோசித்தாள். மேலே ஆட்கள் கூரை ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தூசி விழுந்துகொண்டிருந்தது.

"திரை போட்டது பார்க்காம இருக்கத்தானே, தம்பி?" என்றாள் கடைசியில். "கேட்கக்கூடாதுன்னா எதுக்கு மைக் வச்சாங்க? நாங்க சொல்றது உங்க காதுல விழணும்னுதான் அமீரா வாப்பா அந்த ஒயர இழுத்தாங்க."

"சம்மதம் கேட்கத்தான் மைக். மத்த பேச்சுக்கு இல்லையே."

"சரி, அப்படியே வச்சுக்குவோம். சம்மதத்தயும் சேர்த்துத்தானே வெட்டிட்டீங்க?"

சாஹித் தோளில் விழுந்த தூசியைத் தட்டினார்.

"போடலாமா வேணாமான்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க? பேசுன பொம்பளைங்க பாதிப் பேரு உசுரோட இருக்கோம். ஒருத்தியயாவது கேட்டீங்களா?"

"அக்கா, சங்கத்துல பேசி முடிச்சாச்சு. இது இப்ப சங்கத்து சாமான். திங்கக்கிழமை மாடி காலியாகணும்."

"மாடி காலியாகட்டும்" என்றாள். "நான் வேணாம்னு சொல்லல."

அந்த வார இறுதியில் பாலிக் புலாவிலிருந்து ருக்கையா ஒரு பை நிறைய ஜாதிக்காய் ஊறுகாயோடு வந்து இறங்கினாள். அக்காவும் தங்கையும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யார் யார் கலியாணத்துக்குக் கமாலுதீன் மைக் கட்டினார் என்பது இருவருக்கும் நினைவிருந்தது. சாப்பாட்டை வைத்து நினைவு வைத்திருந்தார்கள். அந்தந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, டேப் இருப்பதைச் சொல்லி, திங்கட்கிழமை சங்கத்துக்கு வரச் சொன்னார்கள்.

ஒருத்தி "இன்னுமா அதெல்லாம் இருக்கு?" என்று அழுதாள். ஒருத்தி பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனாள். ஆயர் ஈத்தாமில் இருந்த ஒருத்தி, "ஆத்தாடி, அதுல நான் என் மாமியார கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். கொளுத்திடு" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "ஏய், கொளுத்தாதே. மொதல்ல நான் ஒரு தரம் கேட்டுக்கறேன்."

ஞாயிறு இரவு நல்ல மழை. திங்கள் காலையில் சுலைஹாவும் ருக்கையாவும் போனபோது பழைய சாமான் லாரி சங்கத்து வாசலில் நின்றிருந்தது. கேசட் பெட்டிகளைப் பாதிக்குமேல் ஏற்றிவிட்டார்கள். மழை ஓடில்லாத கூரை வழியாக இறங்கி, அடியில் இருந்த அட்டைப் பெட்டிகளை ஊற வைத்திருந்தது. ஒரு பெட்டியின் அடி பிய்ந்து கேசட்டுகள் நடைபாதையில் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் சுலைஹாவுக்கு ஏதோ ஆயிற்று. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு லாரியில் ஏறி, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

லாரிக்காரர் அய்யாக்கண்ணு ஓடி வந்தார். "யக்கா! என்னாக்கா இது? எறங்குங்க. பின்னால ஆள் ஏத்துனா ரோட்டுல நிக்கிற ஜேபிஜே ஆபீசரு என்னைப் புடிச்சி உள்ள போட்ருவான் லா."

"என்னை எறக்கணும்னா பெட்டியையும் எறக்கு, தம்பி."

"ஏத்தச் சொன்னாங்க ஏத்துனேன். எறக்கச் சொல்றீங்க. காலங்காத்தால நான் எதத்தான் செய்றது?"

கீழே நின்ற ருக்கையா, "என்னையும் ஒரு கை பிடிச்சு ஏத்திவிடு" என்றாள். "முட்டி வலி. தானா ஏற முடியாது."

"நீங்களுமா!"

சாஹித் வெளியே வந்தார். எதிர்த்த காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சொல்லி அனுப்பியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக கிராப் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஒருத்தி ஊன்றுகோலோடு வந்தாள். ஒருத்தி பாசாரில் காய் வாங்கித் திரும்புகிற வழியில் கீரைக்கட்டோடு வந்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. குனிந்து, சிதறிக் கிடந்த கேசட்டுகளைப் பொறுக்கினார்கள். உறையில் இருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்தார்கள். "இது பல்கீஸோடது." "இது நம்ம ஹலிமா. பாவம், போயிட்டா." கீரைக்கட்டோடு வந்தவள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அதைத் தன் பைக்குள் வைத்துப் பையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எறங்கி வாங்க. உள்ள போய் பேசுவோம்" என்றார் சாஹித். குரல் தணிந்திருந்தது. "எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். நீங்க தூக்கிப் போட்ட சாமான்தானே இது? சாமான் வேணாம்னு வாசல்ல வச்சாச்சு. நான் எடுத்துக்கிட்டேன்."

"எங்க வைப்பீங்க? உங்க வீட்டுல எடம் ஏது?"

"ஏர்கான் இருக்கிற ரூம் ஒண்ணு இருக்கு. நோயில அவங்க படுத்திருந்த ரூம்." சுலைஹா லாரிக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, சுங்கை பினாங் தெரியுமா?"

அய்யாக்கண்ணு சாஹித்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடியும் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"தெரியும்க்கா. என் தங்கச்சி அங்கதான் இருக்கு" என்றார். "ஆனா நீங்க முன்னால வந்து உட்காருங்க. அது ஒண்ணுதான் நான் கேக்குறது." பிறகு தார்ப்பாயை எடுத்துப் பெட்டிகள்மேல் விரித்தார்.

சாஹித் லாரிக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. பின்னாலும் வரவில்லை. போகட்டும் என்பதுபோலக் கையை ஒரு தரம் அசைத்துவிட்டு உள்ளே போனார்.

சுலைஹா கூடத்துக்கு மெத்தையை மாற்றிக்கொண்டாள். அறை டேப்புகளுக்கானது. முதல் நாள் அவள் செய்த வேலைக்கு ஹஸ்ருல் தலையில் கை வைத்தான். பூசணத்தை ஈரத்துணியால் துடைக்கப் போயிருந்தாள்.

"மாமி, தண்ணி வேணாம்! காயணும். மொதல்ல காயட்டும், நல்லாக் காயட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

"எங்க கிலாங்ல இப்படித்தான் துடைப்போம்."

"இது உங்க கிலாங் இல்ல."

அவன் சனி ஞாயிறுகளில் வந்தான். காய்ந்த டேப்பை உலர்ந்த மெல்லிய துணிக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டுப் பூசணத்தை எடுத்தான். உடைந்த கூடுகளிலிருந்து டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றினான். மூன்று மூன்று தரம் கையை அலம்பினான். இந்த முறை எதையும் வெட்டுவதில்லை, எதையும் அழகுபடுத்துவதில்லை என்று முதலிலேயே பேச்சு. டேப்பில் என்ன இருக்கிறதோ அது அப்படியே, இரண்டு பக்கமும் தனித்தனியாக.

அவளுடைய நிக்காஹ் கேசட் நனைந்த பெட்டியில் இருந்தது.

ஹஸ்ருல் அதைக் கடைசியில்தான் எடுத்தான். ஹெட்போனை அவனே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். முகம் மாறியது.

"இல்லையா?" என்றாள் சுலைஹா.

"இருக்கு. ஆனா மாமி, ஒண்ணு சொல்றேன். கேசட்டுல ஆம்பிளைங்க பக்கம் டேப்போட ஓரத்துல ஓடுது. பொம்பளைங்க பக்கம் உள்ள தள்ளி ஓடுது. ஈரம் ஓரத்துலதான் ஏறியிருக்கு. மாமா 'ஏத்துக்கிட்டேன்'னு சொல்ற இடம் விட்டு விட்டு வருது. பாதிதான் இருக்கு."

சுலைஹா எழுந்து போய் வெல்வெட் பெட்டியை எடுத்து வந்தாள். ஒரு வருத்தத்தில் அலமாரிக்குள் தள்ளியிருந்தாள். அவருடைய அந்தச் சொல் இனி முழுதாக இருப்பது அந்தக் குச்சியில் மட்டும்தான். "இதயும் காப்பி பண்ணி வை" என்றாள். "இதுல அவங்க இருக்காங்க. அதுல நான் இருக்கேன்."

"இப்ப போடட்டுமா?"

"போடு. பொம்பளைங்க பக்கம்."

முதலில் கரகரப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, மைக்குக்கு மிக அருகில், மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஆண்குரல். "ஹலோ. ஹலோ. அந்தப் பக்கம் கேக்குதா?" தூரத்திலிருந்து யாரோ கேட்கிறது என்றார்கள். "இன்னும் கொஞ்சம் ஏத்து. இந்தப் பக்கம் சத்தம் கம்மியா பேசுவாங்க." உடனே பெண்கள் கூட்டமாகக் கத்தினார்கள். "ஏ மாப்பிள்ளே! இங்க என்ன வேலை? போய்க் குளிங்க!" சிரிப்பு. கைலி சரசரக்க ஓடும் சத்தம்.

சுலைஹா அதை அறிந்திருக்கவில்லை. மாமியாருக்கு அவர் போட்டுக்காட்டும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் அருகில் டேப்பை நிறுத்தி வைத்திருப்பார். முன்னால் என்ன இருந்தது என்று அவள் கேட்டதில்லை. ஹஸ்ருல் முன்பே முடித்திருந்த இன்னொரு கேசட்டைப் போட்டான். அதிலும் பெண்கள் பக்கம் தொடங்கும்போது அதே குரல். "அந்தப் பக்கம் கேக்குதா?" அதற்கடுத்ததிலும் இருந்தது, குரலுக்கு மட்டும் கொஞ்சம் வயதாகியிருந்தது. ஒயரை இழுத்துக்கொண்டு அவர் முதலில் போய் நின்ற இடம் அது. ஊர்க் கலியாணம் ஒவ்வொன்றிலும் பெண்கள் பக்கத்தை வெட்டியபோது அவரையும் சேர்த்தே வெட்டியிருந்தார்கள்.

ஓராண்டுக்குப் பிறகு சுலைஹா அழுதாள். ஹஸ்ருல் எழுந்து சமையலறைக்குப் போய், எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் உருட்டி, உப்புப் போட்ட தேநீர் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தான். அவள் அதைக் குடித்தாள்.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவரவர் டேப்பை அவரவர்தான் முதலில் கேட்பது. அதை என்ன செய்வது என்று அவரவர்தான் சொல்வது. மாமியாரைக் கிழித்தவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "போட்டுக்கோ, ஊரே கேட்கட்டும்" என்றாள். ஒருத்தி தன்னுடையதை யாருக்கும் போடவே கூடாது என்றாள். சரி என்று சுலைஹா அதைத் தனியாக வைத்தாள். கீரைக்கட்டோடு வந்தவள் மட்டும் தன் பையில் வைத்ததைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதுவும் சரி.

ஒரு மத்தியானம் சாஹித்தின் மனைவி காமாரியா வந்தாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவருக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

அவள் தன் டேப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சுலைஹா வெளியே போகப் பார்த்தாள். காமாரியா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். திரைக்கு அருகில் ஒருவர் சம்மதம் கேட்கிறார். பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறார். ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. வளையல் சத்தம். பிறகு வேறொரு குரல், வயதான குரல், சட்டென்று, "சம்மதம்தான், எழுதுங்க" என்கிறது.

"எங்க பெரியம்மா" என்றாள் காமாரியா. "கைய அழுத்திப் பிடிச்சிருந்துச்சு. எனக்கு அப்ப மேல படிக்கணும்னு இருந்துச்சுக்கா. சொல்ல வாய் வரல."

"சாஹித்துக்குத் தெரியுமா?"

"அவரு நல்லவருதான். குறை ஒண்ணும் வைக்கல. ஆனா ஸ்பீக்கர்ல கேட்டது என் குரல்னுதான் இத்தனை வருஷமா நெனைச்சுக்கிட்டிருக்காரு." இயந்திரத்தைக் கையால் காட்டினாள். "நான் அழுதது இதுல இருக்குதே. வேற எங்கயும் இல்ல. இத பத்திரமா வச்சிருங்க. நான் சொல்றப்ப போடலாம்."

வீட்டுக்குப் போய் அவள் என்ன பேசினாளோ தெரியாது. இரண்டொரு நாளில் சாஹித் போன் செய்தார். ஹஸ்ருல் அப்போது இயந்திரத்தின் முன்னால் இருந்தான்.

"அக்கா, காமாரியா டேப்ப என்கிட்ட கொடுத்துடுங்க."

"எதுக்கு?"

"அது எங்க குடும்ப விஷயம். வெளிய இருக்கக்கூடாது. இல்ல, அந்த ஒரு இடத்த மட்டுமாவது எடுத்திடச் சொல்லுங்க. உங்கள கெஞ்சிக் கேக்குறேன்."

 அவர் மருத்துவமனைக்குக் கார் ஓட்டியதை சுலைஹா மறந்துவிடவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"தம்பி, அது உங்க டேப் இல்ல. என் டேப்பும் இல்ல. அவ அழுதது அது. எடுக்கச் சொன்னா எடுக்கிறேன், ஆனா அவ வந்து சொல்லணும்."

"நான் அவ புருஷன்க்கா."

"தெரியும். உங்க பக்கம் ஒரு இரைச்சல் இல்லாம கிளீனா இருக்கு, அந்தக் குச்சியில. யாரும் தொடல. அவ பக்கம் இங்க இருக்கு. அதயும் யாரும் தொடமாட்டாங்க. கேட்கணும்னா அவளோட வாங்க, ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போடுறேன். இல்லன்னா இதுக்கு மேல பேசாதீங்க."

போனை அணைத்துவிட்டு அறைக்குள் வந்தாள். ஏர்கான் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"காமாரியா டேப்புக்கு இன்னொரு காப்பி போடு" என்றாள்.

"அதான் ரெண்டு போட்டாச்சே மாமி" என்றான் ஹஸ்ருல்.

"இன்னொண்ணு போடு. ஒண்ணு அமீரா வீட்டுல இருக்கட்டும், ஒண்ணு பாலிக் புலாவுல ருக்கையாகிட்ட இருக்கட்டும். டேப்பயும் மிச்ச காப்பியயும் நான் வச்சுக்கிறேன். யாரு வந்து கேட்டாலும் இந்த வீட்டுக் கதவு டேப் உள்ள வரத்தான் தெறக்கும், பேசுனவ சொல்லாம அது வெளிய போகத் தெறக்காதுன்னு சொல்லிடு."

ஹஸ்ருல் கேசட்டைப் பின்னோக்கி ஓடவிட்டான்.